ஐப்பசியில் மூடும் வால்வு

எங்கள் வீட்டுப் பீர்க்கம்பந்தலில் நாலு கருவாட்டுப் பாட்டில்கள் தொங்குகின்றன. காலித் தண்ணீர் பாட்டிலின் கழுத்துக்குக் கீழே, சுட்ட கம்பியால் ஏழெட்டு ஓட்டை போட்டு, உள்ளே கொஞ்சம் தண்ணீரும் ஊறவைத்த கருவாட்டுத் துண்டும் போட்டுக் கட்டியிருக்கிறேன். பழ ஈ அந்த வாடைக்கு உள்ளே போகும். திரும்பி வர வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி, கடைசியில் தண்ணீரில் விழும். பாகல், பீர்க்கு, புடலை போட்டவர்களுக்கெல்லாம் தெரிந்த வித்தைதான்.

என் சங்கடம் வேறு. வள்ளலாரை நம்பிப் புலால் விட்டவன் நான், இருபத்தெட்டு வருஷமாகிறது. மாதப் பூசத்தன்று சன்மார்க்க அன்பர்கள் ஐந்தாறு பேர் வீட்டுக்கு வருவார்கள். ஜோதி ஏற்றி அகவல் படிப்போம். அன்று காலையில் பாட்டில்களைக் கழற்றிப் பின்சுவருக்கு அந்தப்பக்கம் வைத்துவிடுவது வழக்கம். ஒரு பூசத்தில் மறந்துபோனேன். அகவல் பாதியில் இருக்கும்போது காற்று திரும்பியது. பெரியவர் ஒருவர் மூக்கைச் சுளித்து, "ஏனுங்க, பக்கத்து வீட்ல கருவாட்டுக் கொழம்புங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமாங்க" என்றேன். முன்னால் ஜோதி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அன்று சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார்.

தோட்டத்தில் இறங்கினால் மனசு அமைதியாகிவிடும் என்று சொல்கிறவர்கள் நிறைய. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களும் பந்தலுக்கடியில் நின்று மூச்சை இழுத்துவிட்டு அதைத்தான் சொல்கிறார்கள். நான் தலையாட்டுவேன். எனக்கு அமைதி கிடைத்த நேரங்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் பேராசை, பொய், பதற்றம் எல்லாம் அதிகமாகக் கையும் களவுமாகப் பிடிபட்ட இடமும் இந்தப் பதினோரு சென்ட்தான்.

நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் கணக்கு எழுதினேன். வண்டி, லோடு, டீசல், டிரைவர் பேட்டா, டயர் தேய்மானம் எல்லாவற்றுக்கும் ஒரு பத்தி உண்டு. 2007இல் சேந்தமங்கலம் சாலையில் வீடு கட்டிக் குடிவந்தோம். கிழக்கே பார்த்தால் கொல்லிமலை. வீடு மூன்று சென்ட் போக மிச்சம் செம்மண். ஒன்றரை அடி தோண்டினால் சுக்கான். மோகனூர்ப் பக்கம் மாதிரி வாய்க்கால் பாசனம் கிடையாது. அங்கே காவிரித் தண்ணீரில் வாழையும் கரும்பும் நிற்கும், இங்கே போர் தண்ணீரை நம்பித்தான் எல்லாம். தோட்டத்துக்கும் ஒரு நீள நோட்டு போட்டேன். இடது பக்கம் செலவு, வலது பக்கம் காய். கத்திரிக்காய் ஆறு என்றால் ஆறு என்று எழுதுவேன். சந்தை விலை போட்டுப் பெருக்கிக்கூட வைத்திருந்தேன்.

முதல் வருஷமே கோழி எரு பாடம் நடத்தியது. நாமக்கல்லில் இருந்துகொண்டு எருவுக்குக் காசு கொடுப்பவன் முட்டாள் என்பது என் கணக்கு. தெரிந்த பண்ணையிலிருந்து மூன்று மூட்டை சும்மா கிடைத்தது. கூண்டுக்கடியிலிருந்து அள்ளிய ஈரம் காயாத எரு. நாற்பது கத்திரி நாற்றுக்குக் கைநிறைய வைத்தேன். செலவுப் பத்தியில் பூஜ்யம் எழுதியபோது இருந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. நாலாம் நாள் இலை ஓரமெல்லாம் தீய்ந்து, ஒரு வாரத்தில் முப்பத்தாறு செடி போய்விட்டது. எரு ஏற்றி வந்த வேன்காரப் பையன் பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, பச்சை எருவ அப்படியே போட்டீங்களா? அது நெருப்புங்களே" என்றான். பிறகுதான் அதைச் சருகோடும் தென்னை நார்க்கழிவோடும் கலந்து, ஈரம் காட்டி, நாலு மாதம் மூடிவைக்கப் பழகினேன். மூன்றாம் நாள் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தால் வைத்திருக்க முடியாது, அப்படிக் கொதிக்கும். ஆறின பிறகு அள்ளினால் நாற்றமில்லை, மண்வாசனை வரும். எருவில் குறையொன்றுமில்லை. ஆறும்வரை பொறுக்காத கை என்னுடையது.

பச்சை வலை வாங்கிக் கட்டியதும் இதே ரகம். தக்காளிக்கு வெயில் ஆகாது என்று நானாக நினைத்துக்கொண்டு, நிழலில் அதை வளர்த்து, கொடி மாதிரி நெட்டையாக நிற்கவைத்தேன். பூ வந்தது, பிஞ்சு நிற்கவில்லை. வீட்டுக்காரி ஒருநாள் அண்ணாந்து பார்த்து, "நம்மூரு ஆஞ்சநேயரே பதினெட்டடி ஒசரத்துக்குக் கூரையில்லாம வெயில்லயும் மழையிலயும் நிக்கறாரு. உங்க தக்காளிக்கு என்னங்க?" என்றாள். வலையைப் பிரித்துக் கோழிக்கூண்டுக்கு வேண்டுமென்று கேட்டவருக்குக் கொடுத்துவிட்டேன்.

பப்பாளிக்கு வருகிறேன். 2009இல் ஆறு ரெட் லேடி கன்று வைத்தேன். இடுப்பளவு வந்து காய் கட்டும் நேரத்தில் தண்டிலும் இலையடியிலும் பஞ்சு ஒட்டியது மாதிரி வெள்ளை. மாவுப்பூச்சி. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி அது. 2008இல் கோயம்புத்தூரில் முதலில் கண்டுபிடித்தார்கள். இரண்டே வருஷத்தில் பப்பாளி, மல்பெரி, எங்கள் ஊர்க் குச்சிக்கிழங்கு என்று ஒன்றையும் விடவில்லை. சேலம், நாமக்கல்லில் ஜவ்வரிசி ஆலைகளை நம்பிக் கிழங்கு போட்டவர்கள் வயலில் நின்று அழுததைப் பார்த்திருக்கிறேன்.

என் மரங்களில் எறும்பு சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தது. எறும்பு பூச்சியைத் தின்கிறது என்று சந்தோஷப்பட்டேன். நோட்டிலும் "எறும்பு உதவி" என்று எழுதினேன். உண்மையில் பூச்சி கழிக்கும் தேன் போன்ற கழிவுக்குத்தான் எறும்பு வருகிறது. அதற்காகப் பூச்சிக்குக் காவலும் இருக்கிறது. இது தெரிந்ததும் மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் கொடுத்ததை அடித்தேன். அடுத்த வாரம் அதைவிடக் காரமானதை அடித்தேன். மாவுப்பூச்சிக்கு உடம்பெல்லாம் மெழுகுப்பொடி. மருந்து உள்ளே இறங்குவதில்லை. செத்தது பொறிவண்டும் சிலந்தியும். ஒவ்வொரு ஞாயிறும் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தேன். பயிர் வாடினால் தன் உயிரும் வாடுவதாகச் சொன்ன மகானின் படம் கூடத்தில் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் தெளிப்பானோடு வெளியே போகவேண்டும்.

2010இல் ஒரு மாற்றம் வந்தது. பெங்களூரில் உள்ள மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குட்டிக் குளவிகளைத் தருவித்தது. அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒன்று நன்றாகக் கைகொடுத்தது. வேளாண் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது. குளவி என்றால் கொட்டுமோ என்று பயப்பட வேண்டாம். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, கொசுவுக்கு முன்னால் அது தூசி. எங்களுக்கு நாலு வயல் தள்ளிக் குச்சிக்கிழங்கு போட்டிருந்தவர் வயலில் அதை விட்டார்கள். அவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "அண்ணா, ரெண்டு மாசம் மருந்துல கைய வெக்காதீங்க. அது தானா உங்க தோட்டத்துக்கும் வரும்."

கேட்பதற்குச் சுலபமாக இருந்தது. பத்தாம் நாள் என்னால் முடியவில்லை. வெள்ளை ஏறிக்கொண்டே போகிறது, பிஞ்சு உதிர்கிறது, நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். ஆபீசில் லோடு தாமதமானால் நாலு போன் போடுவேன். ஏதோ செய்தோம் என்றாவது இருக்கும். இங்கே செய்ய ஒன்றுமில்லை என்பதுதான் வேலை. இருட்டின பிறகு யாருக்கும் தெரியாமல் ஒருமுறை அடித்தேன். மறுநாள் நாலு வயல் தள்ளி வாடை போயிருக்கிறது. அவர் வந்து என்னைத் திட்டவில்லை. தெளிப்பானைக் கொஞ்ச நாள் இரவல் வேண்டும் என்று கேட்டு எடுத்துக்கொண்டு போனார். அவர் வீட்டில் தெளிப்பான் இரண்டு இருந்தது எனக்குத் தெரியும்.

அதன்பிறகு பார்ப்பதுதான் மிச்சம். பழைய லாரி ரசீதுகளில் அழிந்துபோன எழுத்தைப் படிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு தினமும் காலையில் இலையடியில் உட்கார்ந்தேன். ஐந்தாறு வாரம் கழித்து மாவுப்பூச்சிகளில் சில, பழுப்பாக உப்பி அசையாமல் இருந்தன. கண்ணாடி வைத்துப் பார்த்தால் முதுகில் ஊசிமுனை அளவுக்கு வட்டமாக ஓட்டை. குளவி, பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். புழு உள்ளேயே இருந்து அதைத் தின்று வளர்ந்து, கூட்டை ஓட்டையிட்டு வெளியே வரும். அந்தக் கோடைக்குள் வெள்ளை அநேகமாகப் போய்விட்டது. ஆறில் நாலு மரம் பிழைத்தது.

நிம்மதியோடு ஒரு நமைச்சலும் சேர்ந்து வந்தது. நான் அடித்த மருந்து கொலை என்றால், உயிரோடு இருக்கும் உடம்பை உள்ளிருந்து தின்னும் இந்தக் குளவி எந்தக் கணக்கு? அதை நான் வரவேற்றேனே, வள்ளலார் பேர் சொல்லிக்கொண்டு? சங்கத்தில் மூத்தவர் ஒருவரிடம் கேட்டேன். வடலூர் தருமச்சாலையில் வருஷக்கணக்கில் சேவை செய்தவர். 1867இல் மூட்டிய அடுப்பு அங்கே அணைந்ததில்லை என்று சொல்லும்போது குரல் தழுதழுக்கும். அவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்தார். ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"பப்பாளி பொழச்சுதுங்களா?" என்றார்.

"நாலு மரம் பொழச்சுதுங்க."

"அடுத்த பூசத்துக்கு ரெண்டு பழம் கொண்டாங்க."

அவ்வளவுதான். கேள்வி இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. 2020க்குப் பிறகு குச்சிக்கிழங்குக்கென்றே வேறொரு மாவுப்பூச்சி கேரளா வழியாக வந்து இந்தப் பக்கத்தைக் கலக்கியது. அதற்கு எதிரான குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022இல் நம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். அதே குளவிதான் 1980களில் ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கானவர்களின் கிழங்கைக் காப்பாற்றியது. அந்த வேலைக்காக ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிஸ் விஞ்ஞானிக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். எத்தனை பேர் பசி ஆறியது என்று நினைத்தால் மனம் குளிர்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்த அந்த ஓட்டையை நினைத்தால் குளிர்வதில்லை. இரண்டையும் சேர்த்து வைக்க எனக்கு ஒரு பத்தி கிடைக்கவில்லை.

நோட்டில் இன்னொரு சிக்கல் விதைக்காய். அம்மா இருந்தவரை சுரைக்கொடியில் முதலில் வரும் வாட்டமான காயில் ஒரு கந்தல் துணியைக் கட்டிவிடுவாள். துணி கட்டின காயை யாரும் தொடக்கூடாது. கொடியிலேயே முற்றி, காய்ந்து, குலுக்கினால் கலகலக்க வேண்டும். எனக்கு அது கண்ணை உறுத்தும். உள்ளதிலேயே நல்ல காய், சமைத்தால் இரண்டு வேளைக் குழம்பு, எந்தப் பத்தியிலும் ஏறாமல் பந்தலில் தொங்குகிறது. சொத்தையையோ கோணலையோ விதைக்கு விட்டால் ஆகாதா என்று ஒருமுறை கேட்டேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கோணலை விதைச்சா கோணல்தான்டா வரும், சாமி" என்றாள். இப்போது அந்தத் துணியை நான் கட்டுகிறேன். அவளுடைய பழைய சுங்குடிச் சேலையில் கிழித்தது.

இனி மாமரம். 2010இல் சேலத்து நர்சரி ஒன்றில் மல்கோவா ஒட்டுக்கன்று வாங்கி வந்தேன். சேலத்துக்காரர்களிடம் மாம்பழம் பற்றிப் பேசினால் பொழுது போய்விடும்: குண்டு, செந்தூரா, இமாம்பசந்த் என்று ஆளுக்கொரு கட்சி. என் கட்சி மல்கோவா. உருண்டை, பச்சையும் மஞ்சளுமாகத் தோல், நாரே இல்லை. ஆனால் காய்ப்பில் கஞ்சன். ஒரு வருஷம் காய்த்தால் மறுவருஷம் ஓய்வெடுத்துக்கொள்ளும். இதெல்லாம் தெரிந்துதான் வைத்தேன். தினமும் தண்ணீர். ஆபீசிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் முதலில் அதற்குத்தான் ஓஸ் பிடிப்பேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஒருநாள் தவறினாலும் நான் தவறமாட்டேன். கருகருவென்று தழைத்து நின்றது. ஆறு வருஷம் ஒரு பூ கிடையாது.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தமிழ்நாடு முழுக்க இயல்பில் பாதிகூடப் பெய்யவில்லை. அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்ததாக அரசே அறிவித்தது. எங்கள் 410 அடி போரில் மோட்டார் போட்டால் பன்னிரண்டு நிமிஷம் தண்ணீர், அப்புறம் காற்று. திருச்செங்கோட்டு ரிக் வண்டியை வரவழைத்தேன். இந்தியா முழுக்கப் போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற வண்டிகள் அவை. எங்கள் வாசலில் 720 அடி இறங்கியும் வெறும் கல்தூள்தான் பறந்தது. ஐம்பத்தெட்டாயிரம் ரூபாய். தெரு முழுக்க வெள்ளையாகப் படிந்த அந்தத் தூளைக் கழுவக்கூடத் தண்ணீர் இல்லை.

குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் சேர்த்தால் ஒரு நாளைக்கு ஒன்பது குடம். தென்னை இரண்டு, வாழை நாலு, பப்பாளி மூன்று, கொய்யா இரண்டு, எலுமிச்சை, மா, முருங்கை, சீத்தா, கறிவேப்பிலை. டிரிப் ஷீட் மாதிரி தாளில் கோடு போட்டு உட்கார்ந்தேன். யாருக்கு எத்தனை குடம்? முருங்கையும் சீத்தாவும் தாங்கும், பூஜ்யம். தென்னைக்கு ஐந்து, எலுமிச்சைக்கும் கொய்யாவுக்கும் நாலு. கறிவேப்பிலைக்குச் சமையலறையிலிருந்து ஒரு சொம்பு. வாழைக்கும் பப்பாளிக்கும் கோடு கிழித்தேன். மாவுக்கும் பூஜ்யம், ஆறு வருஷ வேர், பிழைத்தால் பிழைக்கட்டும். ஆபீசில் எத்தனையோ பேருடைய பேட்டாவை வெட்டியிருக்கிறேன், கை நடுங்கியதில்லை. வாழையில் ஒன்று குலை தள்ளியிருந்தது. இலைகள் ஒவ்வொன்றாக மடிந்து தண்டோடு ஒட்டிக்கொண்டன. மார்கழிக் கடைசியில் குலையோடு ஒடிந்து விழுந்தது. வீட்டுக்காரி அந்தப் பக்கக் கதவைத் திறப்பதையே விட்டுவிட்டாள்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். மாமர நுனிகளில் சிவப்பாக ஏதோ கிளம்பியது. கொழுந்து என்று நினைத்தேன். பார்த்தால் பூங்கொத்து. சேலத்துப் பக்கம் மாந்தோப்புக் குத்தகை எடுத்த பெரியவர் ஒருவர், வேறு வேலையாக வந்தவர், மரத்தைப் பார்த்துச் சிரித்தார். "ஆறு வருசமா தண்ணி ஊத்தி ஊத்தியே கெடுத்து வெச்சிருந்தீங்க" என்றார். பூ எடுப்பதற்கு முன்னால் இரண்டு மாசம் மாவின் வேர் காயவேண்டும். கொழுந்து விடுவதை நிறுத்தி, இலை முற்றி, பனிக்காலக் குளிரும் சேர்ந்தால்தான் மொட்டு பூவாகத் திரும்பும். அந்த நேரத்தில் தண்ணீர் காட்டினால் மறுபடி இலைக்குப் போய்விடும். எல்லாத் தோப்புக்காரனுக்கும் தெரிந்த சங்கதி. பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகு தண்ணீர் கொடுக்கச் சொன்னார். தென்னையின் பங்கிலிருந்து இரண்டு குடம் எடுத்து மாவுக்கு மாற்றினேன். அந்த ஆனியில் பதினோரு பழம்.

பூசத்தன்று இதைச் சொன்னேன். ஒரு பழத்தை அறுத்து எல்லாருக்கும் கீற்று கீற்றாகக் கொடுத்தேன். அன்பர் ஒருவர் கண்கலங்கி, "பார்த்தீங்களா, ஆண்டவன் காயப்போட்டுத்தான் பூக்க வெப்பான்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். சொல்ல நன்றாக இருந்தது, பழமும் இனித்தது. அவர்களை வழியனுப்பிவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனேன். வாழை நின்ற குழி இருந்தது. காயப்போட்டதில் அது பூக்கவில்லை. நாலு வயல் தள்ளி, என் தெளிப்பானை இரவல் வாங்கிப் போனாரே, அவருடைய தோப்பில் அந்த வருஷம் நாற்பது தென்னைக்கு மேல் தலை சாய்ந்தது. அவரிடம் போய் அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு வாய் வருமா? மாமரத்துக்கு வறட்சி வேண்டியிருந்தது. அது மாமரத்தின் சேதி. அடுத்த குழியில் நின்றதற்கு வேறு சேதி. அன்றிலிருந்து தோட்டத்தில் பார்த்ததை வைத்து யாருடைய கஷ்டத்துக்கும் விளக்கம் சொல்வதை நிறுத்திக்கொண்டேன். அதற்கு முன்பு நிறையச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது மாவுக்குத் தனிக் குழாய், தனி வால்வு. ஐப்பசி முதல் தேதி மூடுவேன். மழை பெய்தால் அது வானத்தின் பாடு; என் கையால் தை வரை ஒரு சொட்டுக் கிடையாது. சொல்வதற்கு என்ன, இத்தனை வருஷமாகியும் மூடிய பிறகு முதல் பத்து நாள் அந்தப் பக்கம் போனால் கை வால்வுக்குத்தான் போகிறது. கார்த்திகை முடிவில் உச்சிவெயிலுக்கு இலை துவண்டு தொங்கும்போது பார்க்காமல் நடந்துவிடுவேன்.

வீட்டுக்காரிக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை. "நாம மூணு வேளை சோறு திங்கறோம், அது பாவம் நாக்கு வறண்டு நிக்குது" என்பாள். பூவுக்காகத்தான் என்று எத்தனையோ முறை விளக்கியாகிவிட்டது. சரிங்க, சரிங்க என்று கேட்டுக்கொள்வாள். போன கார்த்திகையில் ஒருநாள் விடிகாலையில் பூதக்கண்ணாடியோடு கிளை நுனியைப் பார்க்கப் போனேன். தூரில் ஒரு முழ அகலத்துக்கு மண் ஈரமாக இருந்தது. மேலே லேசாக வெள்ளை படிந்திருந்தது. அரிசி கழுவிய தண்ணீர். சொம்பை வைத்த வட்டம்கூட மண்ணில் தெரிந்தது.

உள்ளே அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. நோட்டை எடுத்துத் தேதி போட்டேன். "மா: தண்ணீர் இல்லை" என்று எழுதிவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன்.